உபதேசியார் வண்டியின் இரண்டாவது கியர்

மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் எந்த பஸ்ஸுக்கு என்ன சாமான் வேண்டும் என்பது மட்டும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன், இப்படிக் காகிதத்தில் பேச வந்திருப்பதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வேலைக்கு இப்போது நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். கியர் நழுவுகிறது என்று ஒரு வண்டி வந்தால், வந்தவுடன் கியர் பெட்டியைப் பிரித்துத் தரையில் பரப்பிவிடுகிறார்கள். அதைப் பார்க்கப் பார்க்க இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்லத் தெரியாததால் எழுதுகிறேன்.

1. முதல் கியரிலேயே வந்த வண்டி

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ராஜபாளையத்தில் ஒரு பஸ் முதலாளியின் ஷெட்டில் மேஸ்திரியாக இருந்தேன். பெட்ரோலுக்குக் கூப்பன். சீமைச் சாமான் எதுவும் வராது. பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்பு கட்டி, பெட்ரோலுக்குப் பதில் அந்தக் கரி வாயுவில் ஓட்டினார்கள். அந்தக் கரியைத் தட்டுவதும் குழாய் அடைப்பு எடுப்பதும்தான் அன்றாட வேலை.

என் ஊர் அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே. தாய் தகப்பன் போன பிறகு அங்கே போக வேண்டிய காரியம் இல்லை. கல்யாணம் கூடி வரவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் பழைய டயர் போட்டு வைக்கும் அறையில் ஒரு மூலையில் படுக்கை. சாப்பாடு கிளப்புக் கடையில். வேலை சம்பந்தமாக யாராவது கேட்டால் பதில் சொல்வேன். கேட்காவிட்டால் பொழுது விடிந்து பொழுது போகிறவரை ஒரு வார்த்தை பேசாமலே கழிந்துவிடும். எங்கள் டிரைவர் சுடலை இதை வைத்துக் கேலி செய்வான்.

"மேஸ்திரி வாயத் தொறக்கணும்னா முதல்ல நாலு நட்டக் கழத்தணும்லே. அதுலயும் ஒண்ணு துருப்பிடிச்சுப் போயி கெடக்கு" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் சேத்தூர் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் அலறிக்கொண்டு வந்தது. சத்தத்தைக் கேட்டால் பறக்கிற மாதிரி இருந்தது. வண்டியோ மாட்டு வண்டிக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது. முழு வழியும் முதல் கியரிலேயே ஓட்டி வந்திருக்கிறார் என்று தெரிந்தது. ஓட்டி வந்தவர் நெட்டையான ஆள். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. இறங்கி நடந்தபோது இடது பாதம் உள்பக்கம் மடங்கியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷனைச் சேர்ந்த உபதேசியார் தேவசகாயம் அவர். ஊர் ஊராகப் போய் ஜெபம் நடத்துவதும், காய்ச்சல் மருந்து கொடுப்பதும் அவர் வேலை. வண்டி மிஷனுடையது.

முதலாளி ராஜா உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். "அந்த முத்தையாகிட்ட சொல்லுங்க. பதில் வராது, வேலை நடக்கும்."

உபதேசியார் என்னிடம் வந்தார். "மேஸ்திரி, ரெண்டாவது கியரு நிக்க மாட்டேங்கு. போட்டா விழுது. செத்த நேரம் ஓடுது. பொறவு தானா கழண்டு நியூட்ரலுக்கு வந்துருது. எஞ்சினு மட்டும் கத்துது, வண்டி நவுரல."

"எந்த எடத்துல கழலுது?" என்று கேட்டேன்.

"எடமா? முந்தாநாள் வன்னியம்பட்டி. நேத்து சுந்தரபாண்டியம். இன்னைக்கு தளவாய்புரம். ஊரு வந்தாப் போதும், அதுக்கு என் மானத்த வாங்கணும். நடுக்காட்டுல ஒழுங்கா ஓடுது. சனம் நிக்கிற எடத்துல கழண்டுருது. பிள்ளைகள்லாம் கூடிக்கிட்டு, 'ஐயா வண்டி அழுது'ங்குதுக."

ஊருக்குள் வரும்போது வேகத்தைக் குறைத்து மறுபடி முடுக்குவார், அந்த இழுப்பில் கழலுகிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அந்த வண்டியின் அமைப்பைச் சொல்ல வேண்டும். இப்போது வரும் வண்டிகள் போல் காலால் மாற்றும் கியர் அல்ல, கை கியர். பெட்ரோல் டாங்கின் வலது பக்கத்தில் பள்ளம் பள்ளமாகக் காடி வெட்டிய ஒரு தகடு பூட்டியிருக்கும். முதல், இரண்டு, டாப் என்று மூன்று காடி. கியர் கம்பை முன்னும் பின்னும் தள்ளி அந்தந்தக் காடியில் நிறுத்த வேண்டும். கம்பின் அடியிலிருந்து ஒரு ராடு கீழே இறங்கிக் கியர் பெட்டியைப் பிடித்திருக்கும். ஆக்ஸிலேட்டரும் முறுக்குவது அல்ல. ஹாண்டில்பாரில் சின்ன லீவர். வைத்த இடத்தில் நிற்கும்.

பார்த்தவுடன் ஒரு தப்பு தெரிந்தது. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே ஓடும் செயினை யாரோ இறுக்கியிருந்தார்கள். அந்தச் செயினை இறுக்க வேண்டுமானால் கியர் பெட்டியையே பின்னால் நகர்த்த வேண்டும். நகர்த்தினால் ராடுக்கு வேண்டிய நீளமும் மாறும். அதைச் சரி செய்யாமல் விட்டால், மேலே கம்பு காடியில் உட்கார்ந்திருக்கும், உள்ளே பற்கள் பாதிதான் கோத்திருக்கும். இது நிறையப் பேர் செய்கிற தப்பு. பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

"செயினு யாரு டைட் பண்ணுனா?"

"வில்லிபுத்தூர்ல ஒரு சைக்கிள் கடையில. ஏன், கொலைக் குத்தமா?"

நான் ராடைக் கழற்றி, இரண்டாவது கியரை உள்ளே முழுதாக விழச் செய்து, கம்பைக் காடியின் நடுவில் நிறுத்தி, அதற்குத் தக்கபடி நட்டை மூன்று நாலு சுற்று ஏற்றிப் பூட்டினேன். வேலை நடக்கிறவரை அவர் ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். போகும்போது, "மேஸ்திரி சாப்பிட்டீயளா?" என்று கேட்டார். அந்த ஊரில் அதை என்னிடம் கேட்ட ஆள் வேறு யாரும் நினைவில் இல்லை. சாப்பிடாமலே சாப்பிட்டாச்சு என்று சொல்லிவிட்டேன்.

2. பெட்டியைப் பிரித்தது

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். அதே முதல் கியர் அலறல். சுடலை தூரத்திலேயே கேட்டுவிட்டு, "ஏலே, ஜெபக்கூட்டம் வருது, எந்திரிங்கலே" என்றான்.

நான் ஓட்டிப் பார்த்தேன். சேத்தூர் ரோட்டில் போய்த் திரும்பினேன். மேடு, பள்ளம், வளைவு எதிலும் கியர் அசையவில்லை. திரும்பி வந்து நிறுத்தினேன்.

"என்ன மேஸ்திரி, கழண்டுச்சா?"

"இல்ல."

"உம்மகிட்ட மட்டும் பொட்டிப் பாம்பா இருக்கு பாரும்! எங்கிட்டதான் ஆடுது."

வேறு வழி இல்லாமல் பெட்டியைப் பிரித்தேன். பற்கள் மழுங்கியிருக்கிறதா, பற்களைத் தள்ளும் ஃபோர்க் வளைந்திருக்கிறதா, தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கிளட்ச் கேபிளைப் பார்த்தேன். சரியாக இருந்தது. பிரித்ததைப் பிரித்தபடியே பூட்டினேன்.

அந்த முறை அவர் முன்போல் பேசவில்லை. டின்மேல் உட்கார்ந்து மடங்கிய பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவராகச் சொன்னார்.

"மிஷன் துரை கூப்பிட்டுச் சொல்லிட்டாரு மேஸ்திரி. இது இன்னொரு மட்டம் நடுவழியில நின்னுச்சுன்னா வித்துருவாராம். எனக்கும் வேலை இல்ல. ஊழியத்துக்கு ஓடியாடித் திரியுற ஆளு வேணும்ல? சைக்கிள் மிதிக்க இந்தக் கால வச்சுக்கிட்டு ஏலாது. வண்டி இருந்தாத்தான் நான் உபதேசியாரு. வண்டி இல்லன்னா நொண்டி தேவசகாயம்."

நான் நட்டை இறுக்கிக்கொண்டே இருந்தேன்.

"இன்னொண்ணும் சொல்லியிருக்காரு. வண்டி நல்லா ஓடுச்சுன்னா என்னையும் வண்டியையும் சாயல்குடிப் பக்கம் அனுப்புவாராம். அங்க ஊருக்கு ஊரு தூரம். மோட்டார் சைக்கிள் இருந்தாத்தான் ஏலும். வீடு குடுக்காக, சம்பளமும் கூட. அடுத்த புதன்கிழமை காம்பவுண்டுல துரையே கண்ணால பாக்கப் போறாரு."

"ஞாயித்துக்கெழமை வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழமை உமக்கு லீவுல்லா?"

"எனக்கு லீவுல சோலி ஒண்ணும் இல்ல."

அன்று சாயங்காலம் முதலாளி ராஜா ஷெட்டைச் சுற்றி வந்தவர் நின்று, "ஏமய்யா முத்தையா, அந்த வண்டி இன்னும் சரியாகலையா? பேசாம இங்கனயே அதுக்கு ஒரு கோயிலு கட்டிருவோமா?" என்றார். உபதேசியார் கிளம்பிக்கொண்டிருந்தார். "கட்டுனா உச்சியில சிலுவை வச்சுக் கட்டுங்க ராஜா, நானே வந்து மணி அடிக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ராஜா சிரித்துவிட்டார். வேலை போகப்போகிற ஆள் பேசிய பேச்சு அது என்று அவருக்குத் தெரியாது.

3. பின்னால் உட்கார்ந்து போனது

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் வந்தார். ஊர் திரும்ப வேண்டியது போகக் கூப்பனில் மிச்சம் இருந்த பெட்ரோல் தளவாய்புரம் போய் வரத்தான் காணும். இனி ஓட்டிப் பார்க்கிறேன் என்று வீணாக்க முடியாது. நான் ஓட்டினால் கழலவில்லை, அவர் ஓட்டினால் கழலுகிறது. ஆகவே அவர் ஓட்டட்டும், நான் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொன்னேன். மருந்துப் பெட்டியைக் கழற்றி ஷெட்டில் வைத்துவிட்டு, அது இருந்த கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஊரைத் தாண்டும்வரை ஒன்றும் நடக்கவில்லை. சேத்தூருக்கு இந்தப் பக்கம் பருத்திக் காட்டிலிருந்து இரண்டு பெண்கள் தலைச்சுமையோடு ரோட்டில் ஏறினார்கள். எங்களைப் பார்த்ததும் ஒரு அம்மாள் சுமையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "ஸ்தோத்திரம் ஐயா!" என்றாள்.

"ஸ்தோத்திரம்! பேத்திக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்றார் இவர். அந்த வார்த்தை முடிவதற்குள் எஞ்சின் கத்தியது. கியர் கழன்றுவிட்டது.

"பாத்தீயளா! பாத்தீயளா! நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

மறுபடி கியர் போட்டு நகர்ந்தோம். கொஞ்ச தூரத்தில் ஒரு பெரியவர் ஆடு ஓட்டிக்கொண்டு வந்தார். அவரும் ஸ்தோத்திரம் சொன்னார். இவரும் சொன்னார். கியர் கழன்றது. பெரியவர் ஆடுகளை விலக்கிக்கொண்டே, "என்னய்யா, உம்ம வண்டி வரவரக் கழுதை மாதிரி கத்துது?" என்றார்.

"கழுதைன்னா எறங்கி ஒரு அடி போடலாமே. இத என்ன செய்ய?"

மூன்றாவது முறை நான் ரோட்டைப் பார்க்கவில்லை, எஞ்சினையும் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தேன். ஊர் எல்லையில் கிணற்றடியில் நின்ற ஒரு கூட்டம் கையைத் தூக்கியது. இவரும் வலது கையை ஹாண்டில்பாரிலிருந்து எடுத்து உயரத் தூக்கினார். இடது கையால் சொன்னால் மரியாதை ஆகாது என்பது அவர் வழக்கம். ஆக்ஸிலேட்டர் வைத்த இடத்தில் நிற்பதால் வண்டி அதுபாட்டுக்கு ஓடும். ஆனால் இடது பாதத்தில் அவருக்குப் பலம் இல்லை. கையை எடுத்ததும் விழாமல் இருக்க இரண்டு முட்டியாலும் பெட்ரோல் டாங்கை இடுக்கிப் பிடித்தார். நெட்டையான ஆள், பலமான முட்டி. டாங்க் என் கண்ணெதிரே ஒரு விரற்கடை நகர்ந்தது. டாங்கோடு காடித் தகடும் நகர்ந்தது. தகட்டில் நின்ற கம்பு ராடை இழுத்தது. கியர் கழன்றது.

"நிறுத்துங்க" என்றேன்.

என் குரல் கொஞ்சம் பலமாக வந்துவிட்டது போலிருக்கிறது. அவர் பயந்து நிறுத்தினார். நான் இறங்கி டாங்கைப் பிடித்து ஆட்டினேன். அது தொட்டில் போல் ஆடியது. அடியில் கையை விட்டுப் பார்த்தேன். ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் துணியில் சுற்றிய பஞ்சு இருந்தது.

"இது என்ன?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ரப்பர் அழுகிப் போச்சு மேஸ்திரி. டாங்கு கடகடன்னு அடிச்சுது. வேற ரப்பர் எங்கயும் இல்ல. பஞ்சுக்குத்தான் நம்ம பக்கத்துல பஞ்சமில்லையே, ஜின்னிங் பாக்டரியில வாங்கி நானே பொதிஞ்சேன். சத்தம் நின்னு போச்சு. அதுல என்ன தப்பு?"

சொன்னேன். பஞ்சு முதலில் கெட்டியாகத்தான் இருக்கும், நாள் ஆக ஆக அமுங்கும், போல்ட் தளரும், டாங்க் ஆடும். சும்மா ஓட்டினால் பெரிதாகத் தெரியாது. முட்டியால் இடுக்கினால்தான் தெரியும். அவர் இடுக்குவது கையைத் தூக்கும்போது. கையைத் தூக்குவது தெரிந்தவர்களைப் பார்க்கும்போது.

அவர் குனிந்து அந்தப் பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்ப நான் ஒவ்வொரு ஸ்தோத்திரத்துக்கும் ஒரு கியரக் கழத்தியிருக்கேன்! அது சரி மேஸ்திரி, நீரு ஓட்டையில ஏன் ஒரு மட்டங்கூட கழலல?"

அதே ரோட்டில் எத்தனையோ தடவை வண்டி சோதித்திருக்கிறேன். எதற்கும் நான் கையை எடுக்க வேண்டி வந்ததில்லை. அவரும் உடனே புரிந்துகொண்டார் போலிருக்கிறது. பேச்சை மாற்றி, கிணற்றடியில் நின்றவர்களைப் பார்த்து, "இவியதான் நம்ம ராஜபாளையத்து மேஸ்திரி, பெரிய வேலைக்காரரு" என்று உரக்கச் சொன்னார். அவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கையெல்லாம் கிரீஸாக இருந்தது. எப்படிக் கும்பிடுவதென்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு அம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

4. செய்த வேலை

ரப்பர் கிடைக்காது. என் படுக்கைக்கு மேலே கிடந்த பழைய பஸ் டயரிலிருந்து துண்டு வெட்டி டாங்குக்கு அடியில் வைத்தேன். அதோடு விட்டிருந்தாலும் வண்டி புதன்கிழமை நின்றிருக்காது. ஆனால் ஒரு வருஷத்தில் அந்த டயர்த் துண்டும் தேயும். சாயல்குடிப் பக்கம் அவருக்கு யார் இருக்கிறார்கள்? ஆகவே காடித் தகட்டை டாங்கிலிருந்தே கழற்றிவிட்டேன். இரும்புப் பட்டையைக் காய்ச்சி அடித்து வளைத்து ஒரு கிளிப் செய்து, தகட்டை வண்டியின் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டினேன். இனி டாங்க் எவ்வளவு ஆடினாலும் கியருக்கு அதோடு சம்பந்தம் இல்லை. இடம் மாறியதால் ராடைக் கொஞ்சம் வெட்டிப் நட்டு ஏறுவதற்குப் புதிதாக மரை போட வேண்டி வந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பஸ் வேலை முடிந்த பிறகு இதைப் பார்த்தேன்.

சுடலை வந்து நின்று பார்த்தான். "என்ன மேஸ்திரி, உம்ம வீட்டு வண்டி கணக்கா இழைக்கிறீரு? சரியாகிப் போச்சுன்னா அந்த மனுசன் அங்கிட்டுப் போயிருவாருல்லா. பொறவு உம்மகிட்ட பேச யாரு இருக்கா?"

எப்போதும் போல் கேலியாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது அவன் குரலில் கேலி இல்லை. நான் அந்தப் பட்டையில் ஒரு கிளிப் கூடுதலாக அடித்தேன், உடைந்தால் மாற்றிக்கொள்ள.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உபதேசியார் வந்தபோது ஸ்பானரை அவர் கையில் கொடுத்தேன். செயினை எப்படி இறுக்குவது, இறுக்கியதும் ராடை எப்படிப் பார்ப்பது, கிளட்ச் கேபிளில் எவ்வளவு தளர்வு வேண்டும் என்று ஒவ்வொன்றாக அவரையே செய்ய வைத்தேன். அன்று நான் பேசியது போல் அந்த ஷெட்டில் என்றும் பேசியதில்லை. முதலாளி ராஜா ஒரு தடவை வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"இம்புட்டும் படிச்சுக்கிட்டா அப்பறம் மேஸ்திரி எதுக்குய்யா?" என்றார் உபதேசியார்.

"அதுக்குத்தான் படிங்க" என்றேன்.

புதன்கிழமை முதலாளியிடம் சொல்லிவிட்டு நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மிஷன் காம்பவுண்டில் வேப்பமரத்தடியில் துரை நின்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வாத்தியார்கள், சமையல்காரர் என்று எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அத்தனை பேரும் உபதேசியாருக்குத் தெரிந்தவர்கள். அவர் இரண்டாவது கியரில் சர்ச்சுக் கோயிலைச் சுற்றி வந்தார். பிள்ளைகள் வேண்டுமென்றே "ஸ்தோத்திரம் ஐயா, ஸ்தோத்திரம் ஐயா" என்று வழி நெடுகக் கத்தினார்கள். அவர் எல்லாருக்கும் வலது கையைத் தூக்கினார். முட்டியால் டாங்கை இடுக்குவது எனக்குத் தெரிந்தது. கியர் அசையவில்லை. மூன்று சுற்று வந்து நிறுத்தினார். துரை இங்கிலீஷில் என்னவோ சொல்லி அவர் தோளைத் தட்டினார். நான் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டேன்.

பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கியர் கழன்றால் பெட்டியைத் தொடுவதற்கு முன் ராடைப் பாருங்கள். ராடு சரியாக இருந்தால், காடித் தகடு எதில் பூட்டியிருக்கிறது, அது ஆடுகிறதா என்று பாருங்கள். அதற்கும் முன்னால், வண்டிக்காரரை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து போங்கள். நாம் ஓட்டினால் நம் வழக்கத்துக்குத்தான் வண்டி ஓடும். அவர் எப்படி உட்காருகிறார், எதைப் பிடிக்கிறார், வழியில் யாரிடம் என்ன பேசுகிறார் என்பதெல்லாம் வண்டியில் சேர்ந்ததுதான். "ஊரு வந்தாப் போதும்" என்று அவர் முதல் நாளே சொன்னார். அதைக் காதில் வாங்கியிருந்தால் ஒரு நல்ல கியர் பெட்டியைப் பிரித்திருக்க வேண்டாம்.

அந்த வியாழக்கிழமை காலையில் உபதேசியார், துரை கொடுத்த புதுக் கூப்பனோடு, மருந்துப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு சாயல்குடிக்குப் போனதாகச் சுடலை சொன்னான். நான் தென்காசி பஸ்ஸுக்குப் பின்பக்க ஸ்பிரிங் பட்டை இரண்டு மாற்றினேன். மத்தியானம் மழை பெய்தது.